சொல்லுக்குள்ளே: பாசாங்கு முதல் பாவ்லா வரை

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலில் போகிற போக்கில் 'தூங்குவது போல் பாசாங்கு செய்தான்' என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற பதில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். பிழை கண்டுபிடித்தவர்கள் சிலர், சந்தேகம் கேட்டவர்கள் பலர், 'எங்க ஊர்ல இதை வேற மாதிரிச் சொல்வோம்' என்று கிளம்பியவர்கள் மிச்சப் பேர். சரி, இந்த முறை மொத்தமும் பாசாங்கு சமாசாரம்தான். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்ததால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

கரூர் வாசகர்: 'தூங்குவது போல்' என்றாலே நிஜமாகத் தூங்கவில்லை என்று தெரிந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு 'பாசாங்கு'? ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வது பிழையில்லையா? 'நடித்தான்' என்றே எழுதியிருக்கலாமே?

பிழை இல்லை. 'போல்' என்பது பார்க்கிறவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்கிறது. 'திண்ணையில் ஒருவன் தூங்குவது போல் கிடந்தான்' என்று எழுதிவிட்டு நிறுத்திப் பாருங்கள். குடித்துவிட்டுக் கிடந்தானா, மயங்கிக் கிடந்தானா, உயிரே இல்லையா, நடிக்கிறானா, எதுவும் தெரியாது. துப்பறியும் கதைக்காரர்கள் பிழைப்பு நடத்துவதே இந்தப் 'போல்' ஒன்றை வைத்துத்தான். 'பாசாங்கு' வந்த பிறகுதான் கிடந்தவனுடைய மனது நமக்குத் தெரிகிறது. அவன் விழித்திருக்கிறான், நாம் ஏமாற வேண்டும் என்று விரும்புகிறான். ஆக இரண்டும் இரண்டு வேலை.

'தூங்குவதாகப் பாசாங்கு செய்தான்' என்றும் எழுதலாம், அதுவும் சரிதான். என் காதுக்கு 'ஆக' கொஞ்சம் ஆபீஸ் வாசனை அடிக்கும், ஏதோ தூங்குவதாக மனு கொடுத்த மாதிரி. அதனால் நான் 'போல்' பக்கம்.

'நடித்தான்' விஷயத்துக்கு வருவோம். நடிப்பு பொதுச்சொல். 'டாக்டர் போல நடித்தார்' என்று எழுதினால் அது சினிமா விமர்சனமாகவும் இருக்கலாம், போலீஸ் செய்தியாகவும் இருக்கலாம். மேடையில் நடிப்பவரைப் பார்த்துக் கைதட்டுகிறோம், வீட்டில் நடிப்பவரைப் பார்த்துக் கோபப்படுகிறோம், இரண்டுக்கும் ஒரே சொல்தான். பாசாங்கில் அந்தக் குழப்பம் கிடையாது. யாரும் டிக்கெட் வாங்கிப் பாசாங்கு பார்ப்பதில்லை.

பொய்க்கும் பாசாங்குக்கும் உள்ள தூரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இன்னும் நாலு பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். பொய்க்கு வாய் வேண்டும். பாசாங்கு பெரும்பாலும் உடம்பால் செய்வது. 'வயிறு வலிக்குது டீச்சர்' என்று சொன்னால் பொய். ஒன்றும் சொல்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டு, டீச்சர் தானாக வந்து 'என்னடா ஆச்சு' என்று கேட்கும்வரை காத்திருந்தால் அது பாசாங்கு. தூக்கம், காய்ச்சல், மயக்கம், அழுகை, காது கேளாமை, இப்படி உடம்பில் தெரிகிற சங்கதிகளோடுதான் இந்தச் சொல் நன்றாக ஒட்டும். அன்பு, அக்கறை மாதிரி மனது சம்பந்தப்பட்டவற்றோடும் வரும், ஏனென்றால் அவையும் முகத்தில் தெரிய வேண்டியவை. ஆனால் பத்தாவது பாஸ் செய்யாதவன் பாஸ் என்று சான்றிதழ் காட்டினால் அதைப் பாசாங்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது போலி.

எனக்கு இந்தச் சொல் எப்போது அத்துபடியானது என்றால் ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சையில். மறுநாள் கணக்கு. கக்கத்தில் வெங்காயம் வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் காய்ச்சல் அடிக்கும் என்று வகுப்பில் ஒருவன் சத்தியம் செய்திருந்தான். (இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இப்போது சிரிப்பீர்கள், தெரியும்.) ராத்திரி அடுப்படியில் மூன்று சின்ன வெங்காயத்தை எடுத்து, இரண்டை இந்தப் பக்கம் ஒன்றை அந்தப் பக்கம் இடுக்கிக்கொண்டு, கையை அசைக்காமல் பொம்மை மாதிரி படுத்தேன். விடிந்ததும் முனகல், நடுக்கம், போர்வையை இழுத்துக்கொள்வது என்று சகல அபிநயமும் பிடித்தாயிற்று. அம்மா பதறிப்போய் ஆச்சியைக் கூப்பிட்டாள். எங்கள் ஆச்சி திருநெல்வேலிக்காரி. வந்து நெற்றியில் கை வைத்தாள், கழுத்தில் வைத்தாள், அப்புறம் லேசாகக் குனிந்து மூக்கை உறிஞ்சினாள். "எல, காய்ச்சலா இது? உள்ளி வாசம்லா வருது. எந்திரிச்சு உதறுல சட்டைய." உதறினேன். ஒன்று மட்டும் விழுந்தது, மற்ற இரண்டும் நசுங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு டம்ளர் நிலவேம்புக் கஷாயத்தையும் குடிக்க வைத்துப் பரீட்சைக்கும் அனுப்பிவைத்தாள். அன்றைக்கு முழுக்க வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் "பாசாங்கு பண்ணுதான் பய" என்று அவள் சொன்னதில், 'பொய் சொல்லுதான்' என்று ஒரு தடவைகூட வரவில்லை. நான் பொய்யே சொல்லவில்லையே, வாயைத் திறந்தால்தானே.

திருச்சி வாசகி: பாவ்லா என்பதும் பாசாங்கும் ஒன்றா? என் கணவர் ஒன்று என்கிறார், நான் இல்லை என்கிறேன். பந்தயம் ஐம்பது ரூபாய்.

ஐம்பது ரூபாய் உங்களுக்கு.

பின்னால் வரும் வினையைப் பாருங்கள், அதுவே பாதி காட்டிக்கொடுத்துவிடும். பாசாங்கு 'செய்வோம்', 'பண்ணுவோம்'. பாவ்லா 'காட்டுவோம்'. காட்டுவது என்றால் எதிரில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் அதைப் பார்த்து ஏதாவது செய்யவும் வேண்டும். பாசாங்கு ஒரு நிலை, மணிக்கணக்காக நீட்டலாம், சிலர் ஆயுசு முழுக்க நீட்டுகிறார்கள். பாவ்லா ஒரு நொடி வேலை. செய்யப்போகிற மாதிரி ஆரம்பித்துவிட்டுச் செய்யாமல் விடுவது.

சுத்தமான உதாரணம் தெருநாய். ராத்திரி பத்து மணிக்குச் சந்துக்குள் நாய் குரைத்துக்கொண்டே பின்னால் வருகிறது. ஓடினால் கடிக்கும். என்ன செய்வோம்? சட்டென்று குனிந்து தரையைத் தொட்டுக் கல்லெடுக்கிற மாதிரி ஒரு பாவ்லா. கீழே கல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, சிமென்ட் ரோடாகவே இருக்கட்டும். அந்தக் குனிதல் ஒன்றுக்கே நாய் நாலடி பின்வாங்கிவிடும். இங்கே 'கல்லெடுப்பது போல் பாசாங்கு செய்தேன்' என்று எழுதினால் இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் நாய் அதற்குள் கடித்துவிடும், அவ்வளவு நீளமான சொல் அது.

கபடியிலும் இதுதான். பாடிப்போகிறவன் வலது காலை நீட்டி உதைக்கப்போகிற மாதிரி பாவ்லா காட்டுவான், கார்னரில் நிற்பவன் அந்தக் காலைப் பிடிக்கப் பாய்வான், இவன் அதற்குள் கையை வீசி அவன் தோளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு ஓடிவிடுவான். ஆட்டத்தில் பாவ்லா திறமை, அதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. ஓட்டலில் பில் வரும்போது பாக்கெட்டுக்குள் கையை விட்டு, பர்ஸை எடுக்கிற பாவ்லாவிலேயே ஒரு நிமிஷம் ஓட்டுகிறவர்களும் திறமைசாலிகள்தான். உங்கள் வீட்டுக்காரர் ஐம்பது ரூபாயை எடுக்கும்போது அந்தக் கையைக் கவனியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சென்னையில் படிக்கும் மாணவி: எங்கள் கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் 'போதைப்பொருள் பாவனையால் வரும் கேடுகள்' என்று தலைப்பு வைத்து எழுதினேன். திருத்திய ஆசிரியர் 'பாவனை' என்ற சொல்லை வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டிருந்தார். விடுதித் தோழிகள் 'போதைப்பொருள் எடுத்த மாதிரி நடிக்கிறதா' என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். என்னில் பிழையா?

உங்களில் ஒரு பிழையும் இல்லை. அந்த வட்டம்தான் தேவையில்லாதது.

இலங்கைத் தமிழில் பாவித்தல் என்றால் பயன்படுத்துதல், பாவனை என்றால் பயன்பாடு. மின் பாவனையாளர், கைத்தொலைபேசிப் பாவனை, 'மனித பாவனைக்கு உதவாத அரிசி கைப்பற்றப்பட்டது', இதெல்லாம் அங்கே தினசரிப் பத்திரிகைத் தமிழ். தமிழ்நாட்டில் அதே சொல் வேறு பக்கம் போய்விட்டது. இங்கே பாவித்தல் என்றால் ஒன்றை மனதில் இன்னொன்றாக வைத்துக்கொள்வது. 'மருமகளை மகளாகப் பாவித்தார்' என்பதைத் தமிழ்நாட்டு வாசகர் பாராட்டாகப் படிப்பார். உங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் படித்தால் மருமகளை ஏதோ வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்று ஒரு கணம் திகைக்கக்கூடும்.

தமிழ்நாட்டுப் பாவனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அது பாசாங்கின் உடன்பிறப்பு என்று உங்கள் தோழிகள் நினைப்பது முழுச் சரியில்லை. வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லின் அடியில் இருப்பது மனதில் ஒன்றை உருவாக்கிக்கொள்வதுதான், ஏமாற்றுவது அதில் கிடையாது. பிடித்துவைத்த மஞ்சளைப் பிள்ளையாராகப் பாவித்துப் பூஜை செய்கிறோம், பிள்ளையாரை ஏமாற்றவா செய்கிறோம்? 'தெரியாத பாவனையில் உட்கார்ந்திருந்தான்' என்று எழுதும்போதுதான் பாசாங்கின் நிழல் விழுகிறது.

உங்கள் பக்கத்தில் நடிப்புக்கு இருக்கிற சொற்கள் எனக்குப் பொறாமை தருபவை. 'பம்மாத்து' இங்கேயும் உண்டு என்றாலும் அங்கே கேட்கிற அளவுக்குக் காதில் விழுவதில்லை. 'கள்ள நித்திரை' என்பதற்கு முன்னால் நம்முடைய 'தூங்குவது போல் பாசாங்கு' நொண்டியடிக்கும். ஒரே சொல், நித்திரை, முன்னால் ஒரு 'கள்ள', முடிந்தது.

ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மதிப்பெண் கூட்டுவாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

மதுரை தமிழாசிரியர் (ஓய்வு): பாசாங்கு என்ற சொல்லைத் திருக்குறளில் தேடினேன், இல்லை. வள்ளுவருக்குப் பாசாங்கு தெரியாதா?

ஐயா, உங்களுக்குத் தெரியாததா, என்னைச் சோதிக்கிறீர்கள். இருந்தாலும் மற்றவர்களுக்காக.

சொல் இல்லை, பொருள் நிறைய இருக்கிறது. அவர் காலத்துச் சொல் 'படிறு'. 'வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம்' என்று ஆரம்பிக்கிறதே கூடாவொழுக்கம் அதிகாரம், அங்கே நிற்பது தவ வேஷம் போட்ட ஆள். அவனுக்கு அவர் கொடுக்கிற உவமை: 'பெற்றம் புலியின்தோல் போர்த்துமேய்ந் தற்று'. பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்கிறது. எனக்கு இதில் பிடித்தது 'மேய்ந்தற்று' என்கிற வினைதான். போர்த்தியதைவிட மேய்வதில்தான் அது மாட்டிக்கொள்கிறது. புலித்தோல் எவ்வளவு அசலாக இருந்தாலும் வாய் புல்லைத்தானே தேடும். அடுத்த குறளில் புதர் மறைவில் பதுங்கிப் பறவை பிடிக்கிற வேடன் வருகிறான். மனிதர் கோபமாக இருக்கிறார் என்று தெரிகிறது.

ஆனால் காமத்துப்பாலுக்குப் போனால் இதே வள்ளுவர் பாசாங்கைக் கொண்டாடுகிறார். 'ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல் காதலார் கண்ணே உள.' யாரோ மூன்றாம் மனிதரைப் பார்ப்பது போல ஒருவரை ஒருவர் பொதுவாகப் பார்த்துக்கொள்வது காதலர்களிடம் மட்டும்தான் இருக்கிறதாம். உண்மையிலேயே மூன்றாம் மனிதர்கள் அப்படிப் பார்ப்பதில்லை, அவர்கள் பார்ப்பதே இல்லை அல்லது சும்மா பார்த்துவிட்டுப் போகிறார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஜோடியை ஊரே கண்டுபிடிப்பது அவர்கள் பேசிக்கொள்வதால் இல்லை, பேசாமல் இவ்வளவு கவனமாக வேறு பக்கம் பார்ப்பதால். இங்கே வள்ளுவருக்குப் படிறும் வேண்டியிருக்கவில்லை, வேறு பெயர்ச்சொல்லும் வேண்டியிருக்கவில்லை. வெறும் 'போல' போதுமாக இருந்தது. (கரூர் வாசகர் கவனிக்க: உங்கள் கட்சிக்கு வள்ளுவர் ஒரு ஓட்டுப் போட்டிருக்கிறார்.)

தமிழில் பாசாங்குக்குப் பெயரே இல்லாமல் அதைச் சொல்ல இன்னொரு வழியும் உண்டு. கண்டும் காணாமல், கேட்டும் கேளாமல், தெரிந்தும் தெரியாதது போல். ஒரு 'உம்', பின்னாலேயே அதே வினையின் எதிர்மறை. யோசித்துப் பார்த்தால் நாம் தினமும் செய்கிற பாசாங்கில் முக்கால்வாசி இந்த ரகம்தான். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதைவிட, பார்த்ததைப் பார்க்காததாகக் காட்டுவது. கடன் கொடுத்தவர் எதிரே வரும்போது போனை எடுத்துக் காதில் வைக்கிறோமே, அதுவும் இதில் சேர்த்தி.

திருவள்ளூர் வாசகர்: நீலிக் கண்ணீர் என்கிறோமே, யார் அந்த நீலி? முதலைக் கண்ணீரும் அதுவும் ஒன்றுதானா?

உங்கள் மாவட்டத்துக்காரிதான். திருவாலங்காடு பக்கத்துப் பழையனூர்.

கதை பல விதமாகச் சொல்லப்படுகிறது, எலும்புக்கூடு இதுதான். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள், நீலி. மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் துரத்திக்கொண்டு பழையனூர் வருகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறார்' என்று ஊர்ச்சபை முன் அழுகிறாள். வணிகன் இவள் பேய் என்று கதறுகிறான், யார் நம்புவார்கள்? அழுகிற பெண்ணும் இடுப்பில் பிள்ளையும் கண்முன்னால் நிற்க, அவன் பயத்தை யார் பொருட்படுத்துவார்கள்? வேளாளர்கள் எழுபது பேர், 'அவளோடு தங்கு, உன் உயிருக்கு ஆபத்து வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்' என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அன்றிரவே நீலி அவனைக் கொன்றுவிடுகிறாள். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இது பழைய கதை. 7ஆம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே 'வஞ்சப் படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு' என்று அந்த ஒருத்தியைக் குறிப்பிட்டுவிடுகிறார். சமணர்களின் காப்பியமான நீலகேசியின் நாயகியும் இந்தப் பழையனூர் நீலிதான். அதில் அவள் மனம் மாறிச் சமணத்துக்கு வந்து, மற்ற சமயத்தாரையெல்லாம் வாதுக்கு இழுக்கக் கிளம்பிவிடுகிறாள். அந்த நீலி அழுவதில்லை, அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறாள். ஆனால் மக்கள் வாயில் நின்றதென்னவோ அழுத நீலிதான்.

முதலைக் கண்ணீர் ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கு, இரையைத் தின்றுகொண்டே முதலை அழும் என்று அங்கே நெடுங்காலம் நம்பினார்கள். தின்னும்போது முதலை இனத்தின் கண்ணில் நீர் கசிவது உண்மைதான், ஆனால் அதற்குத் துக்கமும் இல்லை, துக்கம் போல் காட்டும் எண்ணமும் இல்லை. பாவம், அதன்மேல் பழி. வித்தியாசம் கேட்டீர்கள் என்றால், மேடையில் யாரோ ஒரு தலைவர் கண்ணைத் துடைத்தால் முதலைக் கண்ணீர் என்று எழுதுங்கள். அந்த அழுகையை நம்பி நீங்கள் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டால் அது நீலிக் கண்ணீர்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகி: பசப்புக்காரி, மாய்மாலக்காரி, நீலி, சாகசக்காரி. எல்லாமே 'காரி'யாக இருக்கிறதே, ஆண்கள் யாரும் நடிப்பதில்லையா?

நடிக்கிறார்கள், பெயர் மட்டும் நிலைப்பதில்லை. ஆண் அழுது சாதித்தால் 'நல்லா நடிக்கிறான்' என்பதோடு விட்டுவிடுகிறார்கள், அது அவன் செய்த காரியம். பெண் என்றால் 'மாய்மாலக்காரி', அது அவள் குணமாகிவிடுகிறது. ஆண்களுக்கென்று ஒன்று உண்டு, 'பகல்வேஷக்காரன்'. அதுவும் பாவப்பட்ட ஒரு கலைஞர் கூட்டத்தின் பெயரைத் திருடி வைத்தது. ராமனாகவும் அனுமனாகவும் போலீஸாகவும் பகலிலேயே வேஷம் கட்டித் தெருத்தெருவாக வந்து ஆடி அரிசியும் காசும் வாங்கிப்போன பகல்வேஷக் கலைஞர்கள் யாரையும் ஏமாற்றியதில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் நிஜப் போலீஸ் இல்லை என்று குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பசப்பு பற்றி ஒரு துணுக்கு. குறளில் 'பசப்புறு பருவரல்' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அங்கே பசப்பு என்பது பிரிவில் பெண்ணின் மேனியில் படரும் நிற மாற்றம், மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாதது. இன்றைக்கு 'பசப்பாதே' என்றால் பொய்யாகக் கொஞ்சாதே என்று பொருள். ஒரே எழுத்துகள், அங்கே நிஜமான காதல் நோய், இங்கே போலிக் காதல். நான் அந்த அதிகாரத்தை முதல் முறை படித்தபோது தலைவிக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர் என்று குழம்பியவன்.

தூத்துக்குடி வாசகர்: குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருஷா வருஷம் காளி வேஷம் போடுகிறேன். வெளியூர் நண்பன் ஒருவன் 'எல்லாம் வேஷம்' என்று சொல்லிவிட்டான். மனசு கஷ்டமாகிவிட்டது.

அவன் உங்களைச் சொல்லியிருக்க மாட்டான், சொல் அவனை இழுத்துக்கொண்டு போயிருக்கும். 'எல்லாம் வேஷம்' என்பது தமிழில் அடி வாங்கிய வசனம், வாயில் தானாக வரும்.

குலசை தெரியாதவர்களுக்கு: முத்தாரம்மன் கோயில் தசராவில் நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து, காளி, குறவன், குறத்தி, குரங்கு, ராஜா, போலீஸ் என்று ஆளுக்கொரு வேஷம் போட்டு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, கடைசியில் அதைக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். காளி வேஷத்துக்கு விரதம் கடுமை, தலையில் சுமக்கும் கிரீடமும் சடைமுடியும் லேசுப்பட்ட எடை இல்லை. அந்த நாட்களில் வாசலுக்கு வந்து நிற்பவரை யாரும் பக்கத்துத் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி என்று பார்ப்பதில்லை, 'அம்மா வந்திருக்கா' என்று தட்டோடு ஓடி வருகிறார்கள். வந்திருப்பது அண்ணாச்சி என்பதும் அவர்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். பாசாங்கில் ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியக்கூடாது. இங்கே ஊருக்கே தெரிந்துதான் நடக்கிறது.

நண்பனை அடுத்த தசராவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் செருப்பு தொலைக்காமல் வந்தால் சரி.

சென்னை வாசகர்: சீன் போடுறான், படம் காட்டுறான், ஆக்ட் குடுக்குறான், உருட்டுறான். இதெல்லாம் பாசாங்குதானே?

'ஆக்ட் குடுக்குறான்' மட்டும் அப்படியே பாசாங்கு, ஆச்சி காலத்துச் சொல்லுக்கு ஜீன்ஸ் மாட்டியது. சீன் போடுவது வேறு. பாசாங்குக்காரன் நம்மை நம்பவைக்கப் பார்க்கிறான், சீன் போடுகிறவனுக்கு நாம் அண்ணாந்து பார்த்தால் போதும், நம்பாவிட்டாலும் கவலையில்லை. படம் காட்டுவது சீனின் அப்பா தலைமுறை. உருட்டு முழுக்க வாய் வேலை, ஆகவே அது பொய்யின் குடும்பம். உருட்டுகிறவனிடம் போய் 'பாசாங்கு பண்ணாதே' என்றால் அவனுக்கே புரியாது.

சேலம் வாசகர்: சால்ஜாப்பு?

சவால், ஜவாப். உருதுவில் கேள்வியும் பதிலுமாக இருந்தது தமிழுக்கு வந்து சாக்குப்போக்காகிவிட்டது. பாசாங்கு பிடிபட்ட பிறகு சொல்வது சால்ஜாப்பு.

கோவை வாசகி: என் மகள் படிக்கும் மழலையர் பள்ளியில் 'பிரிடெண்ட் ப்ளே' என்று ஒரு பீரியட் வைத்திருக்கிறார்கள். 'பாசாங்கு விளையாட்டு' என்று மொழிபெயர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். சகிக்கவில்லை.

சகிக்கத்தான் இல்லை. மூன்று வயதுக் குழந்தை மண்ணைப் பிசைந்து இட்லி என்று நீட்டுவதில் பாசாங்கு எங்கே இருக்கிறது? நமக்குச் சொப்பு விளையாட்டு இருக்கிறது, அம்மா அப்பா விளையாட்டு இருக்கிறது, சங்கப் பாட்டுப் பெண்கள் மணலில் சிற்றில் கட்டிச் சிறுசோறு ஆக்கியிருக்கிறார்கள். பொதுப் பெயர்தான் வேண்டும் என்றால் 'பாவனை விளையாட்டு' என்று ஒட்டச் சொல்லுங்கள், யாழ்ப்பாண மாணவி மன்னிப்பார். குழந்தைகள் இதற்குச் சொந்தமாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், 'சும்மாங்காட்டி'. 'சும்மாங்காட்டி நீ டாக்டராம், நான் ஊசி போட வந்தேனாம்.' அந்த 'ஆம்' இருக்கிறதே, டாக்டராம், வந்தேனாம், அதிலேயே முழு விளையாட்டும் அடங்கிவிடுகிறது. அது போய்விட்டால் அடுத்த நிமிஷம் சண்டை.

ஈரோடு வாசகர்: தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவது போல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்கிறார்களே. உண்மையிலேயே முடியாதா? எங்கள் வீட்டில் ஒருவன் தினமும் காலையில் இதைச் செய்கிறான். வயது ஐந்து.

ஐந்து வயது என்றால் முடியும். பழமொழி பெரியவர்களுக்கானது. பெருமாள் பாம்பணையில் கிடப்பதை அறிதுயில் என்பார்கள், தூங்குவது போல் இருந்தாலும் அவருக்கு எல்லாம் தெரியும். உங்கள் பையனுடையது கள்ளத் தூக்கம், அவனுக்கும் எல்லாம் காதில் விழுகிறது. அதுதான் நமக்கு வசதி.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவனிடம் பேசாதீர்கள், வீட்டில் வேறு யாரிடமாவது சாதாரணமாகச் சொல்லுங்கள்: "பாவம், நல்லாத் தூங்குறான் போல. நிஜமாத் தூங்குற பிள்ளைக்குக் கால் கட்டைவிரல் ஆடுமே, ஆடுதா பாரு."

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலைப் பாருங்கள்.